‘ஓரம் போ’ என்கிறார்கள். ஓரம் எங்கே இருக்கிறது?

சாலை பொதுச் சொத்து. முடிமன்னன் போட்டதானாலும், வெள்ளைக்காரன் போட்டதானாலும், இன்று சுங்கம் தண்டும் கம்பெனி போட்டதானாலும், அது கிடக்கும் மண் மக்களுடைய மண். அந்த மண்ணிலே போகவும் வரவும் உள்ள உரிமை, காரிலே வருபவனுக்கு எவ்வளவு உண்டோ அவ்வளவு காலால் நடப்பவனுக்கும் உண்டு; காலால் மிதித்துச் சைக்கிளிலே வருபவனுக்கும் உண்டு.

இந்த எளிய உண்மையை நிலைநாட்ட நம் பக்கத்திலே ஓர் அறப்போரே நடந்திருக்கிறது. 1924-ஆம் ஆண்டு வைக்கத்திலே நடந்த போராட்டம் கோயிலுக்குள்ளே நுழைவதற்காக அல்ல. கோயிலைச் சுற்றிக் கிடந்த தெருக்களிலே நடப்பதற்காக. நாலு கால் பிராணி போகலாம், இரண்டு கால் மனிதன் போகக் கூடாது என்றிருந்த தெருவை மனிதனுக்கும் திறந்துவிடத்தான் பெரியார் சிறை சென்றார். தெரு எல்லோருக்கும் பொது என்ற பேச்சு அன்று அப்படி விலை கொடுத்து வாங்கப்பட்ட பேச்சு.

இன்று அந்த வகைப் பலகை நெடுஞ்சாலையிலே இல்லை. ஆனால் வேறொரு பலகை முளைத்து வருகிறது. அதிலே ஒரு சைக்கிளின் படம். அதன் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு. சாதிக் கொடுமையையும் சைக்கிள் தடையையும் ஒரே தராசிலே வைக்கிறோம் என்று எவரும் எண்ண வேண்டாம். அது வேறு, இது வேறு. ஆனால் இரண்டிலும் எழும் கேள்வி ஒன்றே: சாலை யாருக்கு?

2023 மார்ச் 12-ஆம் நாள் பெங்களூர்–மைசூர் விரைவுச்சாலை திறந்துவைக்கப்பட்டது. நீளம் 119 கி.மீ. மூன்று மணி நேரப் பயணம் 75 நிமிடத்திலே முடியும் என்று முரசறைந்தார்கள். முரசொலி அடங்குவதற்குள் சாவுச் செய்திகள் வரத் தொடங்கின. அதே ஆண்டு ஆகஸ்டு 1 முதல், மோட்டார் சைக்கிள், ஆட்டோ, டிராக்டர், எஞ்சின் இல்லாத வண்டிகள் ஆகியவை அந்தச் சாலையின் நடுப்பகுதியிலே போகக் கூடாது, பக்கத்துச் சர்வீஸ் ரோட்டிலே போக வேண்டும் என்று தடை வந்தது. எஞ்சின் இல்லாத வண்டி என்றால் எது? சைக்கிள்தான்.

கல்கத்தாவிலே நடந்தது இதைவிடப் பெரிய வேடிக்கை. 2013-ல் அந்த நகரத்துப் போலீசார் 174 சாலைகளிலே சைக்கிள் ஓடக் கூடாது என்றார்கள். பால்காரர், பத்திரிகை போடுபவர், மீன்காரர் எல்லோரும் அபராதம் கட்டினார்கள், சைக்கிளைப் பறிகொடுத்தார்கள். பின்னர் எதிர்ப்பு வலுத்துத் தடைப் பட்டியல் சுருங்கியது. ஆனால் 2015-ல் அதே மாநில அரசு பள்ளி மாணவர்க்குச் சைக்கிள் வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது! ஒரு கையாலே சைக்கிளைக் கொடுப்பது; மறு கையாலே சாலையை மூடுவது. கொடுத்த சைக்கிளைக் கூரையிலே கட்டித் தொங்கவிடுவதா?

வேகத்தின் கணக்கு

எதிர்த்தரப்பு வாதத்தை நாம் மறைக்க விரும்பவில்லை. அதை நேருக்கு நேர் பார்ப்போம்.

நூறு கி.மீ. வேகத்திலே ஓடும் கார் ஒரு நொடியிலே 28 மீட்டர் தாண்டுகிறது. பதினைந்து கி.மீ. வேகத்திலே மிதிப்பவர் அதே நொடியிலே தாண்டுவது 4 மீட்டர். இருவருக்கும் இடையிலுள்ள தூரம் நொடிக்கு 24 மீட்டர் வீதம் கரைகிறது. இரவிலே, விளக்கைத் தாழ்த்தி ஓட்டும் காரோட்டியின் கண்ணுக்கு 50 மீட்டர் தொலைவிலே ஒரு சைக்கிள் தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். மோதுவதற்கு இருப்பது இரண்டே நொடி. அதிலே ஒரு நொடிக்கு மேல் ‘அதோ, ஆள்!’ என்று மூளைக்கு எட்டிப் பிரேக்கிலே கால் பதிவதற்கே போய்விடும். மிச்சமிருப்பது இமை கொட்டும் நேரம்.

இன்னொரு கணக்கும் உண்டு. வேகம் இரண்டு மடங்கானால் மோதும் விசையின் ஆற்றல் இரண்டு மடங்கு ஆவதில்லை. நான்கு மடங்கு ஆகிறது. ஆகையாலேதான் 30 கி.மீ. வேகத்திலே இடித்தால் எழுந்து நிற்க வாய்ப்புள்ள மனிதன், 80, 100 என்று வரும் வண்டி இடித்தால் எழுவதில்லை.

எனவே நூறு கி.மீ. வேகத்திலே ஓடும் வண்டிகளுக்கு நடுவே சைக்கிளையும் விடுங்கள் என்று நாம் கூறவில்லை. அது உரிமையல்ல, தற்கொலை. சுவரில்லாமல், பாதையில்லாமல், வெறும் வெள்ளைக் கோட்டை மட்டும் நம்பி ஒரு மனிதனை அங்கே அனுப்புவது நாகரிக நாட்டுக்கு அழகல்ல.

ஆனால், ‘அங்கே போகாதே’ என்று சொல்பவனுக்கு ஒரு கடமை உண்டு. ‘இதோ, இங்கே போ’ என்று காட்ட வேண்டும். நம் குற்றச்சாட்டு தடையின் மேலே அல்ல. வழி காட்டாத தடையின் மேலே.

அயல்நாட்டிலே செய்தது என்ன?

‘வெளிநாட்டிலே மோட்டார் சாலையிலே சைக்கிள் விடுவதில்லையே!’ என்று மேதாவிகள் சிலர் கேட்கிறார்கள். உண்மை. ஆனால் பாதி உண்மை. மீதிப் பாதியை நாம் சொல்கிறோம்.

பிரிட்டனிலே 1949-ல் தனிச் சாலைகளுக்கென்று ஒரு சட்டம் செய்தார்கள். மோட்டார் வண்டி மட்டும் ஓடும் சாலை போடலாம் என்று அந்தச் சட்டம் இடம் கொடுத்தது. 1958 டிசம்பரிலே பிரெஸ்டன் நகரத்தருகே முதல் மோட்டார் சாலை திறந்தது. சைக்கிளுக்கு அங்கே இடமில்லை. சரி. ஆனால் அது புதிதாகப் போட்ட சாலை. ஊருக்குள்ளே போகும் பழைய சாலை இருந்த இடத்திலேயே இருந்தது. நேற்று வரை எந்த வழியிலே சைக்கிள் மிதித்தானோ, அந்த வழி இன்றும் அவனுக்கு உண்டு. அதோடு பழைய சாலையின் நெரிசலிலே ஒரு பங்கும் குறையலாயிற்று. பறித்தது ஒன்றுமில்லை.

ஆலந்து நாட்டின் கதை இன்னும் பாடம் நிறைந்தது. இன்று அந்நாட்டைச் சைக்கிளின் தாயகம் என்று புகழ்கிறார்கள். ஆட்களைவிடச் சைக்கிள் அதிகம் என்கிறார்கள். பிறக்கும்போதே அப்படிப் பிறந்த நாடு அல்ல அது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அங்கேயும் கார் வெள்ளம் பாய்ந்தது. 1971-ஆம் ஆண்டில் மட்டும் சாலையிலே மடிந்தோர் மூவாயிரத்துக்கு மேல். அவர்களிலே நானூறுக்கு மேற்பட்டோர் குழந்தைகள். மகளைச் சாலையிலே பறிகொடுத்த பத்திரிகையாளர் ஒருவர் எழுதிய கட்டுரையின் தலைப்பு இயக்கத்தின் பெயரே ஆயிற்று: ‘குழந்தைக் கொலையை நிறுத்து!’ தாய்மார் தெருவிலே இறங்கினார்கள், வண்டிகளை மறித்தார்கள். 1973-ல் எண்ணெய் நெருக்கடி வந்து, ஞாயிறுதோறும் கார் ஓடாத நாள் என்று அரசே அறிவித்தபோது, கார் இல்லாத வீதி எப்படி இருக்கும் என்பதை மக்கள் கண்ணாலே கண்டார்கள்.

பிறகு அவர்கள் வகுத்த நெறி எளிது. வண்டிகள் வேகமாக ஓட வேண்டிய இடத்திலே சைக்கிளுக்குத் தனிப்பாதை. இருவரும் கலந்து போக வேண்டிய இடத்திலே வண்டியின் வேகம் 30 கி.மீ. இரண்டிலே ஒன்று. இரண்டும் இல்லாத மூன்றாவது நிலை ஒன்று உண்டே, அதைத்தான் அவர்கள் ஒழிக்கப் புறப்பட்டார்கள். நாமோ அந்த மூன்றாவது நிலையிலேயே குடியிருக்கிறோம்.

கார்களின் தலைநாடான அமெரிக்காவிலே கூட, மேற்கத்திய மாநிலங்கள் சிலவற்றிலே வேறு வழி இல்லாத இடங்களில் மாநிலங்களை இணைக்கும் பெருஞ்சாலையின் ஓரத்திலே சைக்கிள் போகலாம் என்று சட்டமே அனுமதிக்கிறது. ‘வேறு வழி உண்டா?’ என்று முதலிலே கேட்கிறார்கள்; பிறகுதான் பலகை நடுகிறார்கள்.

இங்கே நடந்தது என்ன?

நம் நாட்டிலே 1999-ல் தங்க நாற்கரத் திட்டம் தொடங்கிற்று. 5,846 கி.மீ. நீளத்திலே நான்கு பெருநகரங்களை நால்வழிச் சாலையாலே இணைக்கும் திட்டம். அதனால் வணிகம் வளர்ந்தது, சரக்கு விரைந்தது, பயணம் சுருங்கியது. இதையெல்லாம் நாம் மறுக்கவில்லை; வரவேற்கிறோம்.

ஆனால் பெரும்பாலான இடங்களிலே போட்டது புதுச் சாலை அல்ல. தாத்தா காலத்திலிருந்து கிராமத்தான் நடந்த சாலையை, வண்டி ஓட்டிய சாலையை, சைக்கிள் மிதித்த சாலையை எடுத்து அகலப்படுத்தி, நடுவிலே தடுப்பு வைத்து, ‘இது இனி உனக்கல்ல’ என்றார்கள். பிரிட்டனிலே பழைய சாலையை விட்டுவிட்டுப் புதிது போட்டார்கள். இங்கே பழைய சாலையையே விழுங்கிப் புதிது என்று பெயரிட்டார்கள். இந்த ஒரு வேற்றுமையிலேதான் நம் வழக்கு முழுவதும் அடங்கியிருக்கிறது.

சென்னையிலிருந்து செங்கற்பட்டு, திண்டிவனம், விழுப்புரம் வழியே திருச்சிக்கும் மதுரைக்கும் போகும் தெற்குப் பெருஞ்சாலையைப் பாருங்கள். வழியெங்கும் ஒரு பக்கம் ஊர், மறுபக்கம் வயல். ஒரு பக்கம் வீடு, மறுபக்கம் பள்ளிக்கூடம். இடையிலே நான்கு வழியும் நடுத்தடுப்பும். மாட்டுக்குப் புல் அறுத்துக் கேரியரிலே கட்டி வரும் விவசாயி சாலையைக் கடக்க வேண்டுமானால், இரண்டு கி.மீ. தள்ளியுள்ள சுரங்கப்பாதைக்குப் போய்த் திரும்பி மறுபக்கத்திலே இரண்டு கி.மீ. வர வேண்டும். காருக்கு அது மூன்று, நான்கு நிமிடம். பாரம் ஏற்றிய சைக்கிளுக்கு இருபது நிமிடம், வெயிலிலே, வியர்வையிலே.

அவர் என்ன செய்கிறார்? ஓரமாக எதிர்த்திசையிலே வருகிறார். அல்லது தடுப்பின் இடைவெளியிலே சைக்கிளைத் தூக்கிப் போட்டுக் கடக்கிறார். மறுநாள் பத்திரிகையிலே நாலு வரி: ‘அடையாளம் தெரியாத வாகனம் மோதி விவசாயி பலி.’ விசாரணையிலே ஒரு வாக்கியம்: ‘சைக்கிளிலே வந்தவர் திடீரென்று குறுக்கே வந்துவிட்டார்.’

திடீரென்றா? நாற்பது ஆண்டாக அதே இடத்திலே, அதே வேளையிலே, அதே வயலுக்குப் போன மனிதன் எப்படி ஐயா திடீரென்று வருவான்? திடீரென்று வந்தது அந்தச் சாலை!

ஓரம் எங்கே?

‘ஓரமாகப் போனால் என்ன?’ என்பது அடுத்த கேள்வி. போகட்டும். ஓரத்தைக் காட்டுங்கள்.

வெள்ளைக் கோட்டுக்கு வெளியே உள்ள தார் விளிம்பிலே மணலும் கண்ணாடித் துண்டும் குவிந்து கிடக்கின்றன. அங்கே பழுதான லாரி நிற்கிறது. பழுதாகாத லாரியும் சாப்பாட்டுக் கடைக்காக நிற்கிறது. அதைச் சுற்றி வர வேண்டுமானால் சைக்கிள்காரர் நடுச்சாலைக்கு இறங்க வேண்டும். இறங்கும் அந்தக் கணத்திலேதான் பின்னாலிருந்து ஆம்னி பஸ் வருகிறது. பெரிய வண்டி உரசிக்கொண்டு கடக்கும்போது முதலிலே காற்று தள்ளுகிறது, பிறகு இழுக்கிறது. தார் முடியும் இடத்திலே அரை அடிப் பள்ளம். சக்கரம் இறங்கினால் ஏற வழியில்லை, விழ வழியுண்டு.

சர்வீஸ் ரோடு இருக்கிறதே என்பார்கள். ஆம், இருக்கிறது: சில இடங்களிலே. ஊர் தொடங்கும் இடத்திலே தொடங்கி, பாலம் வரும் இடத்திலே முடிந்து, அடுத்த ஊரிலே மறுபடி முளைக்கிறது. இடையிலே சைக்கிள் என்ன, பறந்தா போகும்? இருக்கும் சர்வீஸ் ரோட்டிலும் கடைக்காரர் சாமான், நிறுத்திய கார், எதிரே வரும் மண் லாரி. மழை வந்தால் குளம்.

இதை முன்கூட்டியே உணர்ந்தவர்கள் உண்டு. 1934-ல் இலண்டன் மேற்குச் சாலையிலே பிரிட்டனின் முதல் சைக்கிள் பாதையைப் போக்குவரத்து அமைச்சர் ஹோர்-பெலிஷா திறந்துவைத்தபோது, அதை எதிர்த்தவர்களே சைக்கிள் சங்கத்தார்தான்! ஏன்? ‘ஏனோதானோ என்று ஓர் ஒற்றையடிப் பாதையைக் காட்டி, நல்ல சாலையிலிருந்து எங்களை விரட்டப் பார்க்கிறீர்கள்’ என்று அஞ்சினார்கள். அந்த அச்சம் வீணல்ல என்பதற்கு நம் சர்வீஸ் ரோடுகளே சாட்சி. பாதை போட்டோம் என்று கணக்குக் காட்டுவது ஒன்று. போகக்கூடிய பாதை போடுவது வேறொன்று.

ஏட்டிலே இருக்கிறது, நாட்டிலே இல்லை

சைக்கிளுக்குத் தனிப்பாதை என்பது நாம் இன்று கண்டுபிடித்த புதுமை அல்ல. சாலைப் பொறியாளரின் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1962-லேயே சைக்கிள் பாதைகளுக்கென்று தனி விதி ஏடு வெளியிட்டது. அது சொல்வது என்ன? நெரிசல் வேளையிலே மணிக்கு 100 முதல் 200 வரை மோட்டார் வண்டி ஓடும் சாலையிலே, மணிக்கு 400 சைக்கிள் வந்தால் தனிப்பாதை போடு. மோட்டார் வண்டி 200-க்கு மேலே போனால், சைக்கிள் 100 வந்தாலே போதும், பாதை போடு. அகலம் இரண்டு மீட்டருக்குக் குறையக் கூடாது.

மணிக்கு 200 வண்டி! இன்று நம் நெடுஞ்சாலையிலே சில நிமிடங்களிலே அவ்வளவு போய்விடும். 1962-ல் பிறந்த குழந்தை இன்று ஓய்வூதியம் வாங்குகிறது. அந்த விதி பிறந்தும் இன்னும் நடக்கவில்லை.

2006-ல் மத்திய அரசு தேசிய நகரப் போக்குவரத்துக் கொள்கை வகுத்தது. சாலை இடம் வண்டிகளுக்கென்றல்லாமல் மனிதர்களுக்கென்று பங்கிடப்பட வேண்டும் என்றது. 2014-ல் சென்னை மாநகராட்சி, இந்தியாவிலேயே முதன்முதலாக, நடப்பவருக்கும் சைக்கிளில் செல்பவருக்குமான கொள்கையை ஏற்றது. போக்குவரத்துச் செலவிலே 60 சதவீதம் இவர்களுக்கு என்றது. அருமையான கொள்கை! கொள்கையை மடித்து வைத்த அலமாரியிலிருந்து தெருவுக்கு இறக்கினால் இன்னும் அருமையாக இருக்கும்.

முடியாது என்பதற்கில்லை. ஐதராபாத்திலே வெளிவட்டச் சாலையை ஒட்டி 23 கி.மீ. நீளத்துக்குச் சைக்கிள் பாதை போட்டு, மேலே கூரை அமைத்து, அந்தக் கூரையிலே சூரிய மின்சாரமும் எடுக்கிறார்கள். 2023 அக்டோபரிலே திறந்தார்கள். உடற்பயிற்சிக்காக வருவோருக்குக் கூரை போட முடியுமானால், உடலுழைப்புக்காகப் போவோருக்குத் தரையாவது போட முடியாதா?

யார் இந்தச் சைக்கிள்காரர்?

‘இந்தக் காலத்திலே யார் ஐயா சைக்கிள் ஓட்டுகிறார்கள்?’ என்று குளிர்ந்த காருக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்கிறது. கண்ணாடியை இறக்கிப் பார்க்க வேண்டுகிறோம்.

2011-ஆம் ஆண்டுக் குடிமதிப்பு, விவசாயத் தொழிலைச் சேர்க்காமலே, வேலைக்குச் சைக்கிளிலே போவோர் 2 கோடியே 60 லட்சத்துக்கு மேல் என்று கணக்கிட்டது. ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் ஷிப்டு முடிந்து வரும் ஒப்பந்தத் தொழிலாளி, கட்டடத்திலே கல் அடுக்கிவிட்டுத் திரும்பும் வடநாட்டுத் தோழர், இரவுக் காவல்காரர், தேநீர்க் குடுவையைக் கட்டிக்கொண்டு சுற்றும் வியாபாரி, விடியுமுன் இந்தத் தாளை உங்கள் வீட்டு வாசலிலே எறிந்துவிட்டுப் போனவர்: இவர்கள்தாம் சைக்கிள்காரர்கள். பெட்ரோல் விலை ஏறினாலும் இறங்கினாலும் இவர்களுக்குக் கவலையில்லை, வாங்கினால்தானே!

புதுக்கோட்டையை மறக்க முடியுமா? 1990-களின் தொடக்கத்திலே, ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்த காலத்திலே, அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. ஒரு லட்சம் அளவிலே கிராமப் பெண்கள் கற்றுக்கொண்டார்கள் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதி வைத்திருக்கிறார். பஸ்ஸுக்குக் காத்திராமல், கணவனையோ அண்ணனையோ கெஞ்சாமல், தானே மிதித்துச் சந்தைக்குப் போனாள் பெண். மேடையிலே பேசிய பெண் விடுதலை, கேரியர் வைத்த இரண்டு சக்கரத்திலே ஊருக்குள் வந்தது.

2001-ல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கென்று தொடங்கி, 2005-ல் மற்றவர்க்கும் விரிந்த விலையில்லாச் சைக்கிள் திட்டத்தைத் தமிழ்நாட்டிலே மாறி மாறி வந்த அரசுகள் நடத்தி வந்தன. பீகாரிலே 2006-ல் தொடங்கிய மாணவியர் சைக்கிள் திட்டத்தை ஆராய்ந்த பொருளாதார அறிஞர்கள், உயர்நிலைப் பள்ளியிலே பெண்கள் சேர்க்கை 32 சதவீதம் உயர்ந்ததாகக் கண்டார்கள். மூன்று கி.மீ. தொலைவுக்கு அப்பால் பள்ளி உள்ள கிராமங்களிலேதான் பலன் மிகுதி. அதாவது, சைக்கிள் பயன்படுவது தூரத்துப் பள்ளிக்கு. தூரத்துப் பள்ளிக்குப் போகும் வழியிலே குறுக்கிடுவது நெடுஞ்சாலை. பதினாறு வயதுப் பெண் கையிலே சைக்கிளைக் கொடுத்துவிட்டு, நான்கு வழிச் சாலையின் விளிம்பிலே அவளைத் தனியே நிறுத்தினால், நாம் கொடுத்தது பரிசா, பரீட்சையா?

2022-ஆம் ஆண்டிலே மட்டும் நாட்டின் சாலைகளிலே இறந்தோர் 1,68,491 பேர் என்பது மத்திய அரசு தந்த கணக்கு. மொத்தச் சாலை நீளத்திலே ஏறத்தாழ இரண்டு சதவீதமே உள்ள தேசிய நெடுஞ்சாலைகளிலே நடந்த சாவு 36 சதவீதம். அந்த ஆண்டு மடிந்த சைக்கிள்காரர்கள் மட்டும் நாலாயிரத்துக்கு மேலே. மோதியவன் நிற்காமல் ஓடிவிட்டால், 2022 ஏப்ரலிலிருந்து குடும்பத்துக்கு இரண்டு லட்சம் ரூபாய் இழப்பீடு உண்டு. அதைக் கேட்டு வாங்கத் தெரியாத குடும்பங்களே மிகுதி.

வரி யார் கட்டுகிறார்?

‘சைக்கிளுக்குச் சாலை வரி உண்டா? சுங்கம் உண்டா? இலவசமாக வருபவனுக்குத் தனிப்பாதை வேறா?’ என்று கேட்போருக்கும் ஒரு கணக்குச் சொல்வோம்.

1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்திலே நடந்த சாலைச் சோதனையிலிருந்து பொறியாளர்கள் ஒரு பொதுவிதி வகுத்தார்கள். அச்சின் மேலே ஏறும் பாரம் இரண்டு மடங்கானால், சாலைக்கு ஏற்படும் தேய்மானம் ஏறத்தாழ பதினாறு மடங்காகும். இந்தக் கணக்கின்படி, அச்சுக்குப் பத்து டன் ஏற்றிய லாரி ஒரு முறை ஓடிச் செய்யும் சேதத்தைச் சைக்கிள் செய்ய வேண்டுமானால் கோடிக்கணக்கான முறை ஓட வேண்டும். சாலையைத் தேய்க்காதவனிடம் தேய்மானக் கூலி கேட்பது எந்த நியாயம்? மேலும், சைக்கிள்காரர் வரி கட்டாதவரா? தீப்பெட்டியிலே கட்டுகிறார், சோப்பிலே கட்டுகிறார், சைக்கிள் டயரிலேயே கட்டுகிறார். சாலைக்கு நிலம் கொடுத்தவரும் பெரும்பாலும் அவர் ஊர்க்காரர்தான்.

வரலாறும் அவர் பக்கமே. காற்றடைத்த டயரை 1888-ல் டன்லப் செய்தது மகனின் மூன்று சக்கரச் சைக்கிளுக்காக. பிரிட்டனிலே 1886-ல் சாலைச் சீர்திருத்தச் சங்கம் வைத்தவர்கள் சைக்கிள் சங்கத்தார். அமெரிக்காவிலே ‘நல்ல சாலை வேண்டும்’ என்று முதலிலே கிளர்ந்தவர்களும் அவர்களே. கார் பிறக்குமுன் சாலைக்காகக் குரல் கொடுத்தவனைக் கார் பிறந்தபின் சாலையை விட்டு இறங்கு என்கிறார்கள். வீடு கட்டியவனைத் திண்ணைக்கும் ஆகாதவனாக்கும் கதை இது.

சைக்கிள்காரர் பக்கம் குறையே இல்லை என்றும் நாம் சாதிக்கமாட்டோம். விளக்கில்லாமல் இருட்டிலே வருவோர் உண்டு. பேசிக்கொண்டு இணையாக வருவோர் உண்டு. அவர்கள் திருந்த வேண்டும். ஒளி வீசும் பட்டை புதுச் சைக்கிளிலே இருக்க வேண்டும் என்று 2020-ல் மத்திய அரசு ஆணையிட்டது நல்ல செயல். பழைய சைக்கிளுக்கும் அதை ஒட்டிக்கொள்ள அதிகச் செலவில்லை. ஆனால் ஐம்பது ரூபாய்ப் பட்டை ஒட்டாத ஏழையின் பிழையும், ஐம்பது கோடிச் சாலையிலே இரண்டு மீட்டர் பாதை ஒதுக்காத திட்டக்காரரின் பிழையும் ஒரே எடையல்ல.

நாம் கேட்பது

அதிகமாக ஒன்றும் கேட்கவில்லை.

ஒன்று: முதலிலே வழி, பிறகு தடை. தொடர்ச்சியான, விளக்குள்ள, பள்ளமில்லாத மாற்றுப்பாதை திறக்கும் வரை எந்தச் சாலையிலும் சைக்கிளுக்குத் தடைப்பலகை நடக் கூடாது.

இரண்டு: புதுச் சாலைக்குத் திட்டம் தீட்டும்போது கார், லாரிகளை எண்ணுவது போலவே சைக்கிள்களையும் நடப்பவரையும் எண்ண வேண்டும். எண்ணப்படாதவனுக்கு வரைபடத்திலே இடம் கிடைக்காது.

மூன்று: ஊரும் வயலும், ஊரும் பள்ளியும் பிரியும் இடத்திலே, பிரியும் அந்த இடத்திலேயே, சைக்கிள் உருட்டிப் போகக்கூடிய சுரங்கப்பாதை வேண்டும், இரண்டு கி.மீ. தள்ளி அல்ல.

நான்கு: அதுவரை, ஊர்ப்புறத்திலே வேகத்தைக் குறைக்க வேண்டும். 2022-ல் நேர்ந்த சாலைச் சாவுகளிலே எழுபது சதவீதத்துக்கு மேல் மிதமிஞ்சிய வேகத்தாலே என்று அதே அரசுக் கணக்கு கூறுகிறது.

ஐந்து: சாலை ஓரத்திலே லாரிகள் நிற்பதை ஒழிக்க, ஓட்டுநர்களுக்கு ஓய்விடங்கள் வேண்டும். லாரி ஓட்டுநரும் தொழிலாளிதான். அவரையும் பழி சொல்லி முடித்துவிட நாம் விரும்பவில்லை.

சென்னைக் கிழக்குக் கடற்கரைச் சாலையிலே விடியற்காலையிலே தலைக்கவசமும் விலையுயர்ந்த சைக்கிளுமாகப் பயிற்சிக்கு வரும் இளைஞர்களைக் காண்கிறோம். அதே வேளையிலே, அதே ஓரத்திலே, துருப்பிடித்த சைக்கிளிலே கூடையைக் கட்டிக்கொண்டு மீன்காரர் வருகிறார். இருவரும் ஒருவரையொருவர் அறியார். ஆனால் பின்னாலே வரும் வண்டிக்கு இருவரும் ஒன்றே. இளைஞர்களே, உங்கள் குரல் கோட்டைக்குக் கேட்கும். மீன்காரரின் குரல் கேட்காது. உங்களுக்காகக் கேட்கும்போது அவருக்காகவும் கேளுங்கள்.

பெங்களூரையும் சென்னையையும் இணைக்க 260 கி.மீ.க்கு மேல் நீளமுள்ள விரைவுச்சாலை வகுக்கப்பட்டிருக்கிறது. இராணிப்பேட்டை, காஞ்சிபுரம் மாவட்டங்களின் மண்ணிலே அது வருகிறது. புது மண்ணிலே போடும் சாலை. ஆகவே பழைய சாலையை விழுங்க வேண்டிய அவசியம் அதற்கு இல்லை. வேகம் போக விரும்புகிறவர் அங்கே போகட்டும். பழைய சாலைகளையாவது மெல்லப் போகிறவருக்கு மீட்டுத் தாருங்கள்.

சாலையின் நீளத்தை அளந்து பெருமை பேசுகிறார்கள். வேகத்தை அளந்து விழா எடுக்கிறார்கள். நாம் வேறோர் அளவுகோல் தருகிறோம். ஆறு மணிக்கு வேலை முடித்து, கேரியரிலே சாப்பாட்டுத் தூக்கைச் செருகிக்கொண்டு புறப்படும் தொழிலாளி, ஏழு மணிக்குத் தம் வீட்டு வாசலிலே சைக்கிளை நிறுத்துகிறாரா? அவர் நிறுத்தும் நாட்டிலேதான் சாலை இருக்கிறது என்று பொருள்.